போரூரைத் தாண்டினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போரூர் சந்திப்பில் ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். கோவூர், கெருகம்பாக்கம், மாங்காடு, குன்றத்தூர் என்று புறநகரில் வீடு வாங்கிக் குடியேறியவர்கள் குடும்பத்தோடு கிழக்கே போய்க்கொண்டிருப்பார்கள். தி.நகரில் துணி, வடபழனியில் மால், பெசன்ட் நகரில் கடற்கரை. மெட்ரோ தூண்களுக்கு நடுவே ஊர்ந்து போய், அதே வழியில் ஊர்ந்து திரும்பி வரும்போது பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிவிட்டிருக்கும். வாரம் முழுக்க வேலைக்காகத் திட்டிக்கொண்டே போகிற சாலையில், விடுமுறையன்று பொழுதுபோக்குக்காகவும் திட்டிக்கொண்டே போகிறோம்.

‘இங்க என்ன சார் இருக்கு? தூங்குறதுக்கு ஒரு வீடு இருக்கு, அவ்வளவுதான்’ என்பது இந்தப் பக்கத்து அடுக்குமாடிகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு. தூங்குவதற்கு மட்டுமே ஓர் ஊர் என்றால் அது ஊராகாது, லாட்ஜ்தான். ஆனால், காரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேற்கே திருப்பிப் பார்த்தால் கதையே வேறு. பெரியபுராணம் எழுதியவரின் சொந்த ஊர், தியாகராஜர் பாடிய கோயில், சென்னைக்குக் குடிநீர் தருகிற ஏரி, வாழை நாரில் சேலை நெய்கிற தெரு, வயிறு நிறைய வடகறி எல்லாமே உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

84 படி ஏறினால் ஊர் தெரியும்

காலையில் முதலில் குன்றத்தூர் முருகன். மலைக்கோயில் என்றாலும் பயப்பட வேண்டாம், 84 படிகள்தான். பாட்டிமார்கள்கூட இடையிடையே உட்கார்ந்து, மருமகளைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு ஏறிவிடுவார்கள். இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்துக் கோயில் என்பார்கள். திருப்போரூரில் அசுரர்களோடு போர் முடித்துத் திருத்தணிக்குப் போகிற வழியில் முருகன் தங்கிய இடம் என்பது தலபுராணம். அதற்கேற்ப வடக்கே, திருத்தணி இருக்கும் திக்கைப் பார்த்தபடி நிற்கிறார்.

சன்னதியில் ஒரு விசேஷம். ஒரு பக்கமாக நின்று பார்த்தால் முருகனோடு வள்ளி மட்டும் தெரிவாள். இடம் மாறி மறுபக்கம் நின்றால் தெய்வானை மட்டும். இருவரையும் ஒருசேரப் பார்க்க முடியாது. ‘ரெண்டு பேரையும் சமாளிக்க சாமிக்கே இப்படி ஒரு ஏற்பாடு தேவைப்பட்டிருக்கு பாருங்க’ என்று வரிசையில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். ஆடிக் கிருத்திகைக்கும் தைப்பூசத்துக்கும் காவடிக் கூட்டத்தில் படியே தெரியாது. சாதாரண ஞாயிறு காலையில் நிம்மதியாக ஏறலாம்.

தரிசனம் முடிந்ததும் உடனே இறங்கிவிடாதீர்கள். மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. கிழக்கே திரும்பினால் தண்ணீர்த் தொட்டி வைத்த மொட்டை மாடிகளும் அடுக்குமாடிகளும். நடுவில், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலை. ‘நானூறு அடி ரோடு’ என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். பழைய ஊர் எது, புதிய ஊர் எது, இரண்டுக்கும் நடுவே தண்ணீர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற இடம் இந்தப் பகுதியில் வேறு இல்லை. வீடு வாங்குமுன் புரோக்கரோடு போவதைவிட இங்கே ஒருமுறை ஏறிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

கீழே இறங்கினால் சேக்கிழாரின் ஊர். 12ஆம் நூற்றாண்டில் சோழ அரசவையில் அமைச்சராக இருந்து, 63 நாயன்மார்களின் வரலாற்றைப் பெரியபுராணமாகப் பாடியவர் பிறந்தது இந்தக் குன்றத்தூரில்தான். கும்பகோணம் பக்கத்துத் திருநாகேஸ்வரத்தின் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். அதே பெயரில் சொந்த ஊரிலும் ஒரு சிவன் கோயிலைக் கட்டிவிட்டார். வடநாகேஸ்வரம் என்று சொல்கிற அந்தக் கோயில் மலையிலிருந்து நடக்கிற தூரம். வைகாசிப் பூசத்தில் சேக்கிழார் குருபூஜை. தமிழ் வகுப்பில் ‘சேக்கிழார் பிறந்த ஊர் எது?’ என்ற ஒரு மார்க் கேள்விக்குப் பதில் எழுதிய பிள்ளைகளை, அந்தத் தெருவிலேயே நடக்க வைக்கலாமே.

வடகறியும் கூழும்

படி இறங்கியதும் பசிக்கும். இந்தப் பக்கத்தில் நல்ல காலை டிபன் கிடைக்கிற கடைகள் பலவற்றுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ‘பஸ் ஸ்டாண்டு பக்கத்துல’, ‘அரசமரத்தடியில’ என்றுதான் அடையாளம் சொல்வார்கள். கல்லைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அதுதான் நட்சத்திர மதிப்பீடு.

கேட்க வேண்டியது செட் தோசையும் வடகறியும். சைதாப்பேட்டை பெயர் வாங்கிக்கொண்ட பண்டம்தான். ஆனால் நகரத்தின் இந்த மேற்கு ஓரத்தில்தான் இன்னும் அன்றாடச் சாப்பாடாக இருக்கிறது. கடலைப் பருப்பை ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்து, வடையாகத் தட்டி அரைவேக்காட்டில் பொரித்தெடுத்து உதிர்ப்பார்கள். சோம்பு, பட்டை, கிராம்பு தாளித்து, வெங்காயம் தக்காளி இஞ்சி பூண்டு வதக்கிய குழம்பில் அதைப் போட்டுக் கொதிக்க விட்டு, மேலே புதினா தூவினால் வடகறி. நல்ல வடகறியில் பருப்பு உதிர் உதிராக நாக்கில் தட்டுப்பட வேண்டும். கரைந்து கூழாகிவிட்டால் அது நேற்றையது. ஒன்பது மணிக்கு மேல் போனால் அண்டாவின் அடியில் கரண்டி உரசுகிற சத்தம்தான் மிச்சம்.

வெயில் ஏறிய பிறகு கூழ் வண்டிகள் வரும். கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்து, அரிசி நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் தூவிச் சொம்பில் ஊற்றித் தருவார்கள். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், மாங்காய்க் கீற்று, கேட்டால் கருவாடு. கட்டட வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே குடித்துவிட்டுப் போகும் வண்டியில், இப்போது சர்க்கரைக்குப் பயந்த ஐ.டி.காரர்களும் நிற்கிறார்கள். அடுக்குமாடியில் லிஃப்டில்கூடப் பேசிக்கொள்ளாதவர்கள் கூழ் வண்டியில் பேசிக்கொள்வதைப் பார்க்கலாம்.

ஒன்பது கோயில், ஒரே சுற்று

நவக்கிரகத் தலங்களுக்காகக் கும்பகோணத்துக்கு டிக்கெட் போடுகிற பலருக்கு, தொண்டை மண்டலத்திலும் அப்படி ஒரு சுற்று இருப்பது தெரியாது. ஒன்பதும் இந்தப் புறநகர் வட்டாரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. சூரியனுக்குக் கொளப்பாக்கம், சந்திரனுக்குச் சோமங்கலம், செவ்வாய்க்குப் பூந்தமல்லி, புதனுக்குக் கோவூர், குருவுக்குப் போரூர், சுக்கிரனுக்கு மாங்காடு, சனிக்குப் பொழிச்சலூர், ராகுவுக்குக் குன்றத்தூர், கேதுவுக்குக் கெருகம்பாக்கம். எல்லாமே சிவன் கோயில்கள். கிரக தோஷத்தில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இந்தப் பட்டியல் பயன்படும். ஒவ்வொன்றும் ஒரு பழைய கிராமத்தின் நடுப்புள்ளி. அதைச் சுற்றித்தான் இன்றைய நகர்கள், என்கிளேவ்கள், அவென்யூக்கள் எல்லாம் முளைத்திருக்கின்றன.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிப்பது வேண்டுதல்காரர்களுக்கு. சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் மூன்று கோயில்களில் நின்று நிதானிக்கலாம்.

போரூர் ராமநாதீஸ்வரர் கோயிலில், ராமர் சிவனைக் குருவாக எண்ணி வழிபட்டதாக நம்பிக்கை. அதனால் சிவன் கோயிலாக இருந்தும் பெருமாள் கோயிலைப் போலத் தீர்த்தமும் சடாரியும் தருகிறார்கள்.

கோவூர் சுந்தரேஸ்வரர் கோயிலுக்குச் சங்கீதக்காரர்கள் தனி மரியாதை வைத்திருக்கிறார்கள். தியாகராஜர் இந்த ஊர் சுந்தரேச முதலியாரின் அழைப்பில் வந்து, கோவூர் பஞ்சரத்னம் என்று பெயர் பெற்ற ஐந்து கிருதிகளை இறைவன் மேல் பாடினார். சஹானா, கரகரப்ரியா, பந்துவராளி, கல்யாணி, சங்கராபரணம் என ஐந்து ராகங்கள். முதலியார் தன் மேல் ஒரு பாட்டுக் கேட்டதாகவும், மனிதர் மேல் பாடுவதில்லை என்று மறுத்துக் கோயிலுக்குப் போய்ச் சுவாமி மேல் பாடினார் என்றும் சொல்வார்கள். புறப்படும்போது முதலியார் பல்லக்கில் பொற்காசுகளை ஒளித்து வைக்க, வழியில் வந்த திருடர்களை ராம லட்சுமணர்கள் விரட்டினார்கள் என்று கதை நீளும். ஃபோனில் அந்த சஹானாவைப் போட்டு, காதில் மாட்டிக்கொண்டு பிராகாரத்தைச் சுற்றிவாருங்கள். டிசம்பர் சீசனில் கிடைக்காத இருக்கை இது.

மூன்றாவது, குன்றத்தூரைத் தாண்டிச் சோமங்கலம். இங்கே அடுக்குமாடிகள் குறைந்து வயலும் குளமும் தலைகாட்டத் தொடங்கும். சோமநாதீஸ்வரர் கோயில் கருவறை விமானம், யானை படுத்திருக்கும் முதுகு வடிவில் பின்புறம் வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பது இதைத்தான். நந்தி சுவாமியைப் பார்க்காமல் வெளியே பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. ஊரை நோக்கிப் படை வந்தபோது, ஈசன் சொல்லி அதை எதிர்க்கத் திரும்பிய நந்தி என்று கதை.

மாங்காட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. எலுமிச்சம்பழத்தோடு ஆறு வாரம் வருகிறவர்கள் கூட்டம் எப்போதும் உண்டு. பஞ்சாக்கினி நடுவே ஒற்றைக் காலில் தவமிருந்த காமாட்சியையும், ஆதிசங்கரர் நிறுவியதாகச் சொல்லும் அர்த்தமேரு ஸ்ரீசக்கரத்தையும் பார்த்துவிட்டுப் பலரும் அப்படியே பஸ் ஏறிவிடுகிறார்கள். பக்கத்திலேயே இருக்கிற வெள்ளீஸ்வரர் கோயிலுக்கும், தங்கை கல்யாணத்துக்காகக் கையில் கணையாழியோடு வந்த வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கும் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும், கதை முழுசாகும். அம்மனுக்குத் தவம், ஈசனுக்குத் தாமதம், அண்ணனுக்குச் சீர் என்று ஒரு கல்யாண வீட்டின் பரபரப்பு மூன்று கோயில்களில் பிரிந்து கிடக்கிறது.

ஏரி மீன்

மதியச் சாப்பாட்டுக்குச் செம்பரம்பாக்கம் பக்கம் போகலாம். முழுக் கொள்ளளவு 3.645 டி.எம்.சி., உயரம் 24 அடி. மழைக்காலத்தில் டி.வி.யில் ஓடுகிற இந்த இரண்டு எண்களும் சென்னைக்காரர்களுக்கு மனப்பாடம். ஆனால் ஏரியை நேரில் பார்த்தவர்கள் அதில் பாதிகூடத் தேற மாட்டார்கள். காற்று வீசுகிற நாளில் கரையில் நின்றால் அலை அடிக்கும். எதிர்க்கரை சரியாகத் தெரியாது.

ஏரியில் பிடித்த மீனைச் சாலையோரம் தராசும் அரிவாள்மணையுமாக உட்கார்ந்து விற்பார்கள். கட்லா, ரோகு, கெண்டை, ஜிலேபி. அதிர்ஷ்டம் இருந்தால் தொட்டியில் உயிரோடு விரால். கடல்மீன் பழகியவர்கள் ஏரி மீனில் மண்வாடை அடிக்கும் என்று முகம் சுளிப்பார்கள். வெட்டிய துண்டுகளைக் கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, புளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து அலசிவிட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும். செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். விராலை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, ராத்திரி அப்படியே மூடிவைத்து, மறுநாள் காலை இட்லிக்குத் தொட்டுக்கொள்வதுதான் முறை. வீட்டில் சமைக்க சோம்பலாக இருந்தால், ஜிலேபி மீனை மசாலா தடவித் தோசைக்கல்லில் வறுத்துத் தருகிற கடைகள் இந்தச் சாலைகளில் உண்டு.

ஒரு எச்சரிக்கை. மாங்காட்டுக்கும் குன்றத்தூருக்கும் நடுவில் சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகள் இருக்கின்றன. 2017 வறட்சியில் அந்தக் குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் நகரத்தின் தாகத்தைக் கொஞ்சம் தணித்தார்கள். செங்குத்தான பாறைக்குள் பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்பது பார்க்க அழகுதான். ஆனால் செல்ஃபிக்கும் குளியலுக்கும் இறங்கிய இளைஞர்களின் உயிரைக் குடித்த இடம் அது. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

நைஜீரியாவுக்குப் போன துணி

குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் போகிற சாலையில், அடையாற்றின் கரையில் அனகாபுத்தூர். ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற பெயரில் இங்கே நெய்த கட்டம் போட்ட துணி, ஒரு காலத்தில் கப்பலேறி நைஜீரியாவுக்குப் போனது. அங்கே அது கல்யாணத்துக்கும் சடங்குக்கும் உடுத்துகிற கௌரவத் துணி. 1970களில் அந்தச் சந்தை கையைவிட்டுப் போனதும் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. மிச்சமிருந்த நெசவாளர்கள் கண்டுபிடித்த புது வழிதான் வாழை நார்ச் சேலை.

வாழைத் தண்டின் பட்டையைப் பிரித்து, சதையைச் சுரண்டி எடுத்தால் நீளநீளமாக நார் வரும். அதை மயிரிழை கனத்துக்குக் கிழித்து, நுனியோடு நுனி முடிந்து இழையாக்க வேண்டும். பாவுக்குப் பருத்தியோ பட்டோ போட்டு, ஊடைக்கு இந்த நாரை ஓட்டுகிறார்கள். நார் காய்ந்தால் பட்டென்று அறுந்துவிடும் என்பதால் ஈரம் பார்த்துத்தான் வேலை நடக்கும். கையில் எடுத்தால் பட்டைப் போலப் பளபளப்பு, ஆனால் கனமே இல்லை. கடைவீதியில் அலைவதைவிட, நெய்கிற இடத்தில் தறிச் சத்தத்தோடு பேரம் பேசி ஒன்று வாங்குவது நிறைவு. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் நெசவையும் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை லீவு கிடைக்கிறவர்களுக்குப் பக்கத்துப் பல்லாவரம் வாரச்சந்தையும் இருக்கிறது. பழைய தையல் மிஷினிலிருந்து புறாக் குஞ்சு, ரோஜாப் பதியன் வரை தரையில் பரப்பியிருப்பார்கள்.

சாயங்காலத் தீனி

இந்தப் புறநகருக்கு யார் யார் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பதை வாக்காளர் பட்டியலைவிடச் சாயங்காலக் கடைகள் தெளிவாகச் சொல்லும். போரூர், முகலிவாக்கம் பக்கம் ஐ.டி. அலுவலகங்களை ஒட்டி ஆந்திரா மெஸ்கள்: பருப்புப் பொடியும் நெய்யும், கோங்குராவும், ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கோண்டி’ என்ற உபசாரமும். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையைச் சுற்றி வடமாநிலத் தொழிலாளர்களுக்கான கடைகள்: மாலை ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் சமோசாவும் சூடான ஜிலேபியும் (ஏரி ஜிலேபி அல்ல), ராத்திரிக்கு ரொட்டியும் தால் தடுக்காவும். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் மதியத்திலிருந்தே பிரியாணி அண்டாக்கள். சீரகச் சம்பாவா பாஸ்மதியா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், இந்தச் சண்டையில் குடும்பங்களே பிரிந்திருக்கின்றன. தொட்டுக்கொள்ளப் புளிப்பும் எண்ணெயுமாகக் கத்திரிக்காய் வைத்தால் கடைக்காரருக்குத் தொழில் தெரியும் என்று அர்த்தம். எட்டு மணிக்கு மேல் எல்லாத் தெருமுனையிலும் கொத்து பரோட்டாத் தாளம் கேட்கும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கோயில்கள் மதியம் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்திவிட்டு நாலரைக்கு மேல்தான் திறக்கும். அதனால் காலை கோயில், மதியம் ஏரி, மாலை தறியும் தீனியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் வேண்டும் என்பதில்லை. தாம்பரம் – பூந்தமல்லி 66ஆம் நம்பர் பஸ் பல்லாவரம், அனகாபுத்தூர், குன்றத்தூர், மாங்காடு என்று இந்தக் கட்டுரையின் பாதியைத் தொட்டுக்கொண்டு போகும். சோமங்கலத்துக்கு மட்டும் சொந்த வண்டி நல்லது. தண்ணீர் பாட்டிலும் சில்லறையும் கையில் இருக்கட்டும்.

தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கால்வாய்

குறைகளும் இருக்கின்றன. குன்றத்தூர் சாலையில் நடைபாதை என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. இத்தனை பேர் வந்து போகிற கோயில்களைச் சுற்றிச் சுத்தமான பொதுக் கழிப்பறை கிடைப்பது அபூர்வம். இவ்வளவு பெரிய ஏரியை வைத்துக்கொண்டு, வயதானவர்கள் பாதுகாப்பாக உட்கார்ந்து காற்று வாங்க ஒரு இருக்கை வரிசைகூட இல்லை. மாங்காடும் குன்றத்தூரும் 2021இல் நகராட்சிகளாகிவிட்டன. வரி நகரத்துக் கணக்கில் வருகிறது, வசதி இன்னும் கிராமத்துக் கணக்கில் இருக்கிறது. வார்டு கவுன்சிலரிடம் இதையெல்லாம் கேட்பதற்கு, முதலில் நாம் அந்தத் தெருக்களில் நடந்திருக்க வேண்டும்.

சுற்றிப் பார்ப்பதில் பொழுதுபோக்குக்கு மேலே ஒரு லாபமும் இருக்கிறது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர்க் கால்வாய், குன்றத்தூரையும் திருமுடிவாக்கத்தையும் தொட்டுக்கொண்டு திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. சினிமாவில் அவசரக் கல்யாணம் என்றால் காட்டுவார்களே, அதே திருநீர்மலைதான். மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து தரிசித்த தலம் என்பது அதன் கதை. தண்ணீருக்கு இந்த வழி ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தெரியும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது, அந்த வழி தெரியாமல் இருந்தவர்கள் நாம்தான்.

மீன் வாங்கப் போனவருக்கு மதகு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும். சேலை வாங்கப் போனவர் ஆற்றங்கரையில் எது மேடு, எது பள்ளம் என்று பார்த்திருப்பார். கூழ் வண்டிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தவருக்கு, ‘இந்த நகர் இருக்கற இடம் முன்ன தாங்கல் சார்’ என்று ஒரு வாக்கியம் இலவசமாகக் கிடைத்திருக்கும். எந்தப் பத்திரத்திலும் வில்லங்கச் சான்றிதழிலும் அந்த வாக்கியம் இருக்காது. ஆகவே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை போரூர் சந்திப்பில் வண்டியை மேற்கே திருப்புங்கள். வடகறி தீர்வதற்குள் போய்ச் சேர வேண்டுமானால் ஏழரைக்கே கிளம்பிவிடுங்கள்.